பெரியசாமி கொடுத்த வெள்ளைப் பூ

யுத்தம் ஆரம்பித்த வருஷம், ஐப்பசி மாதம். மலைமேல் இருக்கும் எங்கள் குண்டூர் நாட்டிலிருந்து பென்ஷன் வாங்க மலையிறங்கியவன், பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். வலது முழங்கால் மடங்கவில்லை. காட்டிலாகாவில் கார்டாக இருபத்தெட்டு வருஷம் நடந்த கால் அது. அன்றைக்குத் தவழாத குறையாகத்தான் இறங்கினேன்.

மாதாமாதம் கஜானாவில் ஆளைக் காட்டினால்தான் பணம். காட்டாவிட்டால் செத்தவன் என்று எழுதிவிடுவார்கள் என்று மலையில் எல்லோரும் நம்பினோம். ஒருவரும் போய்க் கேட்டதில்லை.

அடிவாரத்தில் கடை வைத்திருந்த என் மகன், "இங்கயே இருந்துக்கங்கப்பா. கஜானா பக்கந்தானுங்களே" என்றான். மலையிலோ புருஷனை இழந்த என் மகள். அவள் தன் ராகிக் காட்டை விட்டு வரமாட்டாள். நான் இறங்கிவிட்டால் அவள் தனி. இறங்காவிட்டால் பென்ஷன் இல்லை, இருவரும் அரைவயிறு. மகன் பணத்துக்காகத்தான் கூப்பிடுகிறான் என்று வேறு நினைத்தேன். மனம் ஒடிந்துபோனது.

எப்படியோ மலையேறித் திரும்பி, எங்கள் மலைச்சாமி பெரியசாமி சன்னதியில் பூப்போட்டுக் கேட்டேன். சிவப்பு வந்தால் அடிவாரம், வெள்ளை வந்தால் மலை. பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளைப் பூ. எனக்குக் கோபம்தான் வந்தது. "இருன்னு சொல்லிப்போட்டீங்க. பணத்த யாருங்க சாமி போயி வாங்குறது?" என்று அழுதேன்.

ஒன்பதாம் நாள் மகன் மூச்சு வாங்க மலையேறி வந்தான்.

"அப்பா, கஜானாவுல கேட்டனுங்க. நடக்க முடியாதவங்க உசுரோட இருக்காங்கன்னு மணியக்காரர் எழுதிக் குடுத்தாப் போதுமாமுங்க. நானே வாங்கியாந்து குடுக்கலாமாமுங்க."

"உனக்கு எதுக்குக் கண்ணு இந்தச் சிரமம்?"

"நீங்க கீழ வந்துட்டா தங்கச்சி ஒத்தையில கெடக்குமுங்களே."

எனக்குத் தலை நிமிரவில்லை. பெற்ற பிள்ளையைச் சந்தேகப்பட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

நாலு வருஷம் ஆகிறது. மாதம் ஒருமுறை பணத்தோடு வருகிறான். தங்கை கிண்டும் களியைத் தின்றுவிட்டு, ஒரு ராத்திரி தங்கிப் போகிறான். முன்பெல்லாம் பொங்கலுக்குத்தான் வருவான். முழங்கால் சரியாகவில்லை. அதை நான் சாமியிடம் கேட்கவுமில்லை.

மகள் தனியாகக் கூடாது என்றுதான் கேட்டேன். சாமி என் மகனையும் சேர்த்துக் கொடுத்தார். உங்களுக்கும் வழி அடைத்துக் கிடந்தால் அவரிடம் போய்க் கேளுங்கள். கோபித்துக்கொண்டு கேட்டாலும் கேட்டுக்கொள்கிறார். கேட்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.