டிரிப்பர் விழக் கூடாது என்று ஜெபித்தேன்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, லெந்து தவக்காலத்தில் நம் பெண்கள் கூட்டத்தில் நான் ஒரு சாட்சி சொன்னேன். கேட்டு எல்லாரும் ஆமென் சொன்னீர்கள். அந்தச் சாட்சி தவறு. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நம் ராஜபாளையத்தில் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் தண்ணீர் வரும் நாள்தான் துணி துவைக்கும் நாள். எனக்குத் தோள்பட்டை வலி வந்தபோது என் வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் வாங்கினார். தண்ணீர் டிரம் பாத்ரூமில் இருக்கிறது, ஆகவே மெஷினும் அங்கேயே போயிற்று. மில்லில் ஃபிட்டராக இருக்கிறவர் அல்லவா, பிளக்கும் வயரும் அவரே மாட்டினார். எர்த் வயரைப் பழைய வழக்கப்படி இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டார்.

என் தம்பி தேவராஜ் ஸ்ரீவில்லிபுத்தூரில் வயரிங் வேலை பார்க்கிறான். கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற டிரிப்பரை முன்பே எங்கள் வீட்டில் வைத்துக் கொடுத்திருந்தான். மெஷின் வந்த பிறகு, பாத்ரூம் தரை ஈரமானால் போதும், அது விழுந்து கரண்டை நிறுத்திவிடும். பாதித் துவைப்பில் துணி ஊறிக் கிடக்கும். எனக்குக் கோபம் தலைக்கு ஏறும். தம்பியிடம் போனில் சொன்னேன்.

"டிரிப்பர் விழுந்தா அது கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லக்கா. எங்கயோ கரண்ட் கசியுது. ஞாயித்துக்கெழம வாரேன், அதுவரைக்கும் மிசின ஓட்டாதீய" என்றான்.

வீட்டுக்காரரிடம் நான் பாதியைத்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருவானாம் என்றேன். ஓட்டக் கூடாது என்றதைச் சொல்லவில்லை. குருத்தோலை ஞாயிறு வருகிறது, துணி மலையாகக் கிடக்கிறது என்று நச்சரித்தேன். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"மில்லுல எம்புட்டு மோட்டார் பாத்திருக்கேன், இது ஒரு மிசினாட்டி" என்று சொல்லி, டிரிப்பர் வழியாகப் போகாமல் மெஷினுக்கு நேரே லைன் கொடுத்துவிட்டார்.

மெஷின் அருமையாக ஓடியது. டிரிப்பர் விழாமல் இருக்க ஜெபியுங்கள் என்று உங்களிடம் முன்பே கேட்டிருந்தேன் அல்லவா. ஜெபம் கேட்கப்பட்டது என்று மறுநாளே கூட்டத்தில் எழுந்து சொன்னேன். அதே வாரம் என் மகள் ஜெபா, மெஷின் மூடியைத் தொட்டால் சுருக்கென்கிறது என்றாள். செருப்புப் போட்டுக்கொள் என்றேன்.

சனிக்கிழமை காலை தண்ணீர் வந்தது. ஜெபா வெறுங்காலோடு டிரம் நிரப்பிக்கொண்டிருந்தாள். மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. வாளி விழுந்த சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். ஒரு கை மெஷினில் ஒட்டியபடி நிற்கிறாள். வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. அவளைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டிவிட்டேன். இயேசுவே, என் பிள்ளை. அவ்வளவுதான் என் ஜெபம்.

அந்த நொடியில், டிரிப்பர் வைத்த அன்று தம்பி சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. யாருக்காவது ஷாக் அடித்தால் தொட்டு இழுக்கக் கூடாது, மெயின் சுவிட்சை இறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தான். பெரிய வாத்தியார் என்று அன்று அவனைக் கிண்டல் செய்தேன். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடி மெயினை இறக்கினேன். பிள்ளை கீழே விழுந்தாள். மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியில் இருதயத்தைப் பரிசோதித்து, ஒரு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். உள்ளங்கையில் காயம் தவிர வேறொன்றும் இல்லை. அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. டிரிப்பர் விழக் கூடாது என்று நான் கேட்டதற்கு ஆண்டவர் சம்மதிக்கவே இல்லை. தரை ஈரமான ஒவ்வொரு தடவையும் அதை விழவைத்துக்கொண்டுதான் இருந்தார். நாங்களாகவே சம்மதித்துக்கொண்டு, அதற்கு ஸ்தோத்திரமும் சொன்னோம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தான். அடியில் வயரை எலி கடித்திருந்தது. எர்த் கட்டிய இரும்புக் குழாய் சுவருக்கு வெளியே பிளாஸ்டிக் குழாயாக மாறியிருந்தது. நாங்களே மாற்றியதுதான், மறந்துவிட்டோம். கசிந்த கரண்ட் மண்ணுக்குப் போக வழியே இல்லை.

"மன்னிச்சிரு மாப்ள" என்றார் என் வீட்டுக்காரர். என்னையும் மன்னிக்கும்படி நான் அவரிடம் கேட்டேன், மறைத்த பாதியைச் சொல்லி.

இப்போது மெஷின் பின்வாசலில், மழைபடாத இடத்தில், மேடை மேல் நிற்கிறது. பாத்ரூமில் பிளக்கே கிடையாது. கரியும் உப்பும் போட்டுப் புதிதாக எர்த் குழி தோண்டியாயிற்று. மெஷின் லைனும் டிரிப்பர் வழியாகத்தான் போகிறது. போன வாரம் இஸ்திரிப் பெட்டி போட்டபோது டிரிப்பர் விழுந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டோம்.

பிரியமானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும்போதும் நம்புங்கள். உங்கள் வீட்டு எர்த் எங்கே போகிறது என்று இந்த வாரமே வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஜெபா அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். காயம்பட்ட கையில்தான் பாட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். அன்று என் சாட்சிக்குச் சொன்ன ஆமெனை, இன்று அவளைப் பார்த்து இன்னொரு முறை சொல்லுங்கள்.