புளி போட்டுத் தேய்த்த குதிரை

அந்தக் குதிரையைத் தேய்த்தது நான்தான். இத்தனை வருஷம் கழித்தாவது இதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஒரகடம் சாலையில் ஒரு கம்பெனியில் நைனா வாட்ச்மேன். கேட்டை ஒட்டிய அறைதான் எங்கள் வீடு. முதலாளியின் அறைக்குப் பெயின்ட் அடித்தபோது, மேசைமேல் இருந்த வெண்கலக் குதிரையை நான்கு நாள் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி நைனாவிடம் கொடுத்தார். வெள்ளைக்காரன் காலத்துப் பொருள். அவருடைய தாத்தா ஏலத்தில் எடுத்ததாம். வேறு யாரையும் நம்பாமல் தன்னிடம் கொடுத்ததில் நைனாவுக்கு அத்தனை பெருமை. டூட்டிக்கு நடுவில் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒரு முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரை. உடம்பெல்லாம் கரும்பழுப்பு, பிடரி மடிப்புகளில் பச்சை.

"இன்னாடா இது, பாசி புடிச்சாப்பல கீது?" என்றாள் அம்மா. இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பித் தரும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. "ஒரு சொம்பு வாங்கனாலே வெளக்கித் தர்றோம். மொதலாளி பொருள இப்டியேவா தூக்கிக் குடுப்பாரு உங்க நைனா?"

புளியும் செங்கல் தூளும் என் கைக்கு வந்தன. சனிக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். காதுக்குள்ளேகூடத் தென்னங்குச்சி விட்டுச் சுரண்டினேன். சாயங்காலம் குதிரை குத்துவிளக்கு மாதிரி மின்னியது. ஷிப்ட் முடிந்து வந்த நைனா, "டேய், புதுசு மாதிரி கீதுடா!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

திங்கட்கிழமை காலை அதைத் துண்டில் சுற்றி அவர் எடுத்துப்போக, பாராட்டு வாங்க நானும் ஒட்டிக்கொண்டேன். துண்டைப் பிரித்ததும் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை.

"அந்த நெறம் வர்றதுக்கு நூத்தம்பது வருஷம் ஆச்சுப்பா. இந்த மாதிரி குதிரையே உலகத்துல நாலோ அஞ்சோதான். யார் தேச்சது?"

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். அந்த நிறம்தான் அதன் வயது, அதன் மதிப்பு என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குப் புரிந்தது வேறு: நூற்றைம்பது வருஷத்து அழுக்கை ஒரே நாளில் எடுத்துவிட்டேன்!

வாயைத் திறப்பதற்குள் நைனா என் தோளை அழுத்தினார். "நான்தான் சார். பையனுக்கு ஒண்ணியும் தெரியாது."

வெளியே வந்ததும் கேட்டேன்: "இன்னா நைனா, நான் தேச்சத நீ தேச்சேன்ற?"

"சும்மா வாடா."

நைனாவுக்கு வேலை போயிற்று. ஏனென்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. அந்த வாரமே அறையைக் காலி செய்துகொண்டு மண்ணூருக்கு வாடகைக்குப் போனோம். சாமான் ஏற்றிய குட்டியானை வண்டியின் முன் சீட்டில் இடம் பிடித்து, "வாடா, முன்னாடி குந்து" என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. எனக்கு வர வேண்டிய நல்ல பேரைத் தட்டிப் பறித்துக்கொண்டவர் பக்கத்தில் எப்படி உட்காருவது? பின்னால், அம்மா விளக்கி அடுக்கிய பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து, மண்ணூர் வரும்வரை அவர் முதுகை முறைத்துக்கொண்டே போனேன்.