தண்ணீர் தெளித்துத் தொட்டவர்

இன்று காயலான் கடையில் துருவேறிய தண்டவாள ஆணி ஒன்றைக் கண்டதும், திருவொற்றியூரில் இப்போது லாரிகள் நிற்கும் இடத்தில் இருந்த ஆணிப் பட்டறையின் கருகிய எண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியது. உலையில் சிவந்த கம்பியைத் துண்டாக்கி, இயந்திரம் ஒரே அடியில் தலை தட்டித் தள்ளும்போது, நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன எனக்கு வாசலிலேயே பல் அதிரும்.

"செவப்பா கீறத எவனும் தொடமாட்டான் பாப்பா, கறுத்துப் பூட்டாதான் கையத் தின்னும்" என்று சொல்லி, ஆணிக் குவியலில் தண்ணீர் தெளித்து, சுர்ரென்ற சத்தம் அடங்கிய பிறகே நைனா கைவைப்பார். வீட்டில் சோற்றுப் பானைக்கும் அதேதான்.

பட்டறையை இடித்தார்கள், நைனாவும் படுக்கையில் விழுந்தார். அதன்பின் என் கையைப் பிடிக்குமுன்கூட அதன்மேல் தண்ணீர் தெளித்து, சுர்ரென்கிறதா என்று காதைச் சாய்ப்பார்.

கடைசி நாளன்று மட்டும் தெளிக்காமலே பிடித்துக்கொண்டார்.