கீழ்வீட்டுச் சிங்கம்

பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுக்குக் கீழே சிங்கக்கொடி தொங்குகிறது என்ற செய்தியை மாமாதான் கொண்டுவந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, கீழ்வீட்டுக்காரன் ஆரெண்டு இப்ப விளங்குது. யன்னலிலை சிங்கம், பச்சையும் மஞ்சளும் பக்கத்திலை."

இலங்கை அரசின் சிங்கக்கொடிக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியல்வரை ஓடிவந்த குடும்பம் நாங்கள். அம்மா அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டார்.

கீழ்வீட்டுக்காரர் ஜமேக்காக்காரர், துறைமுகத்தில் லொறி ஓட்டுகிறவர் என்பதெல்லாம் மாமாவுக்குத் தெரியும். இருந்தாலும் அவருக்குச் சிங்கம் சிங்கம்தான். சனிக்கிழமை காலையில் அவர் ரெகே பாட்டுப் போட்டால் எங்கள் சாமித்தட்டில் குத்துவிளக்கு ஆடும். மாமாவுக்கு ஏற்கெனவே அதில் எரிச்சல். சிங்கமும் சேர்ந்ததும், கட்டடச் சொந்தக்காரரிடம் சொல்லி ஆளைக் கிளப்பிவிடுவது என்று முடிவெடுத்துவிட்டார். அம்மா மட்டும், "பொறு, முதலிலை நான் கேட்டுப்பாக்கிறன்" என்று என்னை இழுத்துக்கொண்டு கீழே இறங்கினார். எட்டு வயதில் நான்தான் வீட்டு மொழிபெயர்ப்பாளர், சம்பளமில்லாத உத்தியோகம்.

கதவு திறந்தது. இடுப்புவரை சடைமுடி. அம்மாவின் கை தன்பாட்டில் கும்பிட்டுவிட்டது.

அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார், நான் தமிழாக்கினேன். சிங்கம் அவருடைய கடவுளின் அடையாளமாம். சனிக்கிழமைப் பாட்டு, ஆபிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கப்பலில் கொண்டுபோகப்பட்ட சனத்தின் பாட்டாம். ஒருநாள் அந்தக் கடவுள் வருவாராம், வந்து எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டிப்போவாராம்.

"எவ்வளவு காலமாப் பாத்திருக்கினமாம்?"

"நானூறு வருசமாம், அம்மா."

அப்பா அப்போது கொழும்பில் விசாவுக்குக் காத்துக்கிடந்தார். அம்மா இங்கே தொழிற்சாலையில் கோட்டுகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்பா எப்போது வருவார் என்று கேட்டால் அம்மாவின் முகம் வாடிவிடும் என்பதால் நான் கேட்பதையே விட்டிருந்தேன்.

"நானூறு வருசமோ. ஒப்பாரி வைக்காமல் பாட்டெல்லோ கட்டியிருக்கினம். கெட்டிக்காரச் சனம்" என்றார் அம்மா. மேலே வந்து மாமாவிடம், "அது வேறை சிங்கம், நீ பேசாமல் இரு" என்றார். மாமா அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா சொன்னது சரிதான். அந்தப் பாட்டில் பட்ட பாடெல்லாம் இருந்தது, ஆனால் காலை ஆட்டாமல் கேட்க முடியாது. துயரத்தை இவ்வளவு தலைநிமிர்ந்து சொல்லும் சங்கீதத்தை நான் பிறகு எங்கும் கேட்டதில்லை. சனிக்கிழமைகளில் அது தொடங்கினால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் வந்து உட்காருவார்.

"என்னவாம்?"

"அவர் வருவாராம்."

"உறுதியாவோ?"

"ஓம் அம்மா, உறுதியாத்தான் பாடுறார்."

பொத்தான் தைத்துக் காய்த்துப்போன விரல்களால் அம்மா தரையில் தாளம் போடுவார். அம்மா மதம் மாறிவிட்டார் என்றே நான் நம்பினேன். சாமித்தட்டுப் பிள்ளையாரை நினைத்துக் கவலையாக இருந்தது.

அடுத்த பனிக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அப்பா வந்து சேர்ந்தார். மறுநாள் காலை பாட்டுத் தொடங்கியதும் அம்மா பால்விட்டுப் பொங்கிய ஒரு சட்டி புக்கையோடு என்னையும் கூட்டிக்கொண்டு கீழே போனார்.

"அவர் வந்திட்டார் எண்டு சொல்லு."

வந்தது அப்பாதானே, கடவுள் இல்லையே என்று எனக்குக் குழப்பம். இருந்தாலும் மொழிபெயர்ப்பாளர் எதிர்க்கேள்வி கேட்கக்கூடாது. அவர் வந்துவிட்டாராம் என்றேன்.

கீழ்வீட்டுக்காரர் போய்ப் பாட்டை நிறுத்தினார். திரும்பிவந்து, எங்கே என்று மெதுவாகக் கேட்டார். அம்மா மாடிப்படியைக் காட்டினார். அங்கே மாமாவின் தொளதொளத்த கோட்டுக்குள் அப்பா குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார். கீழ்வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் உயர்த்தித் தன் கடவுளைக் கூப்பிட்டார். அவருக்குக் கண் கலங்கியது. அம்மா புக்கைச் சட்டியைப் பிடித்தபடியே அழுதார்.

மொழிபெயர்ப்பில் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஆகவே அந்த வசனத்தை இன்னொருமுறை, சத்தமாகவும் திருத்தமாகவும் சொன்னேன்: அவர் வந்துவிட்டார்.