கிள்ளான் ஆறு திரும்பி ஓடிய ஞாயிற்றுக்கிழமை

மற்ற குடும்பங்களில் உறவுக்காரர்கள் அரசியலுக்கும் கால்பந்துக்கும் சண்டை போட்டுக்கொள்வார்கள். எங்கள் குடும்பத்தில் ஓர் ஆற்றுக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

ஒரு பக்கம் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியில் இருந்தார். இடைநிலைப்பள்ளியில் புவியியல் வாத்தியார். இன்னொரு பக்கம் மாமா. அம்மாவின் தம்பி. கிள்ளானில் எங்களோடு இருந்துகொண்டு, போர்ட் கிள்ளானில் பெரிய கப்பல்களைத் துறைக்குள் இழுத்து வரும் டக் போட்டில் வேலை பார்த்தார். கிள்ளான் ஆறு பெரியப்பாவின் வீட்டுக்குப் பின்னால் காங்கிரீட் கரைகளுக்கு நடுவே ஒல்லியாக ஓடி, வழியெல்லாம் பருத்து, எங்கள் ஊரைத் தாண்டி மாமாவின் கடலில் விழுந்தது. ஆகவே இருவருக்குமே அதில் பாத்தியதை இருந்தது.

ஆறு பிறப்பது எங்கள் பக்கத்து மலையில்தான் என்று பெரியப்பா ஆரம்பிப்பார். அணைக்கட்டு கட்டித் தண்ணீரைக் குடிப்பதும் நாங்கள்தான். கோம்பாக் ஆறு வந்து சேருகிற முனையில் ஈயம் தோண்ட வந்தவர்கள் படகை விட்டு இறங்கினார்கள், அந்தச் சேற்றில்தான் கோலாலம்பூரே முளைத்தது. அத்தாப்பு ஓலைக் குடிசைகள் எரிந்துபோன பிறகு வெள்ளைக்காரர்கள் செங்கல்லில் வீடு கட்டச் சொன்னபோது, அந்தச் செங்கல்லைச் சுட்டது எங்கள் பிரிக்பீல்ட்ஸ் களிமண்ணில். இதைச் சொல்லும்போது அவரே குனிந்து மண் வெட்டியதுபோல் கைகளைத் தட்டிக்கொள்வார்.

மாமா விடமாட்டார். அந்த ஈயம் தோண்டினவர்கள் ஆகாயத்திலிருந்தா குதித்தார்கள், எங்கள் ஊர் வழியாகத்தானே படகில் போனார்கள் என்பார். ஆற்றுக்குப் பெயரே கிள்ளான்தான். இன்றைக்கும் கோலாலம்பூர் கடைகளில் அடுக்கியிருக்கிற சாமானெல்லாம் எங்கள் துறைமுகத்தில் இறங்கி லோரி ஏறிப் போகிறது. பதிலுக்கு நீங்கள் எங்களுக்கு அனுப்புவது குப்பை மட்டும்தான்.

இந்த வழக்கை இருவரும் மிகுந்த சந்தோஷத்தோடு நடத்தி வந்தார்கள். அதனால் அந்தத் தீபாவளியன்று நடந்தது எனக்குப் புதிராக இருந்தது.

அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. பெரியப்பா குடும்பம் கொமுட்டர் ரயிலில் வந்திருந்தது. அவரோடு அத்தையும் வந்திருந்தார். அத்தை, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. தாய் தகப்பன் போன பிறகு அவரை வளர்த்ததெல்லாம் பெரியப்பாதான். அத்தை அதிகம் பேசமாட்டார். எந்தச் சட்டை வேண்டும், எந்தப் படிப்பு வேண்டும் என்று எதைக் கேட்டாலும், “உங்க இஷ்டம் அண்ணே” என்பதுதான் பதில். மாமா அன்று வேலைக்குப் போயிருந்தார். சாப்பாடு முடிந்ததும் அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் போய் மத்தாப்பு கொளுத்தச் சொன்னார். பட்டப்பகலில் மத்தாப்பு கொளுத்தச் சொன்னால், ஹாலில் ஏதோ பெரியவர்கள் பேச்சு என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா என்ன கேட்டார் என்பது காதில் விழவில்லை. பெரியப்பாவின் பதில்தான் விழுந்தது. அவன் எப்போது பார்த்தாலும் தண்ணியிலேயே இருக்கிறவன் என்று சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. மாமா ஒரு சொட்டுகூடக் குடிக்காதவர். பெரியப்பா சொன்னது கடல் தண்ணீரை என்பது சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. அம்மா மறுபடியும் ஏதோ கெஞ்சும் குரலில் கேட்க, பெரியப்பா எழுந்து வேட்டியை உதறினார்.

“கிள்ளான் ஆறு திரும்பிக் கோலாலம்பூரைப் பார்க்க ஓடட்டும்லா. அன்னைக்குப் பேசலாம்.”

அடுப்படி வாசலில் நின்றிருந்த அத்தை தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அன்று பாத்திரங்களைக் கழுவிய சத்தம் பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியையே எட்டிப்பார்க்க வைத்தது.

இரவு வேலை முடிந்து வந்த மாமாவிடம் அம்மா எல்லாவற்றையும் சொன்னார். மாமா முகம் சுருங்கிக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஆற்றைப் பற்றிய இடம் வந்ததும் அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அம்மா சொன்னார். மாமா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்து, விரல்விட்டு எதையோ எண்ணினார். மறுநாள் பெரியப்பாவுக்குப் போன் போட்டு, பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் கிள்ளானுக்கு வரவேண்டும், அன்றைக்கு ஆற்றைத் திருப்பப்போகிறேன் என்று மரியாதையாக அழைப்பு விடுத்தார். பெரியப்பா சிரிப்பார் என்று நினைத்தோம். அவர் உடனே சரி என்றுவிட்டார்.

என் மாமா ஆற்றைத் திருப்பப்போகிறார் என்று நான் வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன். மாமா முழுக் கப்பலையே இழுக்கிறவர். ஆறு என்ன பெரிய ஆறு?

ஆனால் அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள் சனிக்கிழமை கோலாலம்பூரில் மழை கொட்டித் தீர்த்தது. ஞாயிறு காலையில் மாமா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் போனார். ஆறு, நுரைக்க ஆற்றிய பால் தேநீரான தே தாரேக்கின் நிறத்தில் கரை முட்ட, மரக்கிளைகளைச் சுமந்துகொண்டு கடலை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. அதைத் திருப்ப முடியும் என்று எனக்கே தோன்றவில்லை. மாமா வண்டியைத் திருப்பினார். வீட்டுக்கு வந்து இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார்.

மத்தியான ரயிலில் அவர்கள் வந்து இறங்கினார்கள். நிலையத்திலிருந்து பாலம் நடக்கிற தூரம்தான். கிள்ளான்காரர்களுக்கு அந்தப் பழைய இரட்டை அடுக்குப் பாலம் என்றால் தனிப் பெருமை. மேல் அடுக்கில் முன்பு கார்கள் ஓடினவாம். கீழ் அடுக்கு நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் மோட்டார்களுக்கும். இரும்புக் கிராதிகளுக்கு நடுவே காற்று பிய்த்துக்கொண்டு போகும். அந்தக் கீழ் அடுக்கில் நாங்கள் வரிசையாக நின்றோம்: பெரியப்பா, பெரியம்மா, அத்தை, அப்பா, அம்மா, நான். மாமா கையில் ஒரு பை. பையில் தேங்காய்கள்.

மாமா விளக்கினார். கடல் பார்த்த பக்கத்தில் தேங்காயைப் போடுவது. ஆறு வழக்கம்போல் ஓடினால் தேங்காய் கடலுக்குப் போய்விடும். ஆறு திரும்பினால் அது நம் காலடியில் பாலத்துக்குக் கீழே நுழைந்து, கோலாலம்பூர் பார்த்த பக்கத்தில் வெளியே வரும். பெரியப்பா தலையாட்டினார். மாமா கண்ணை மூடி முருகனைக் கும்பிட்டுவிட்டுத் தேங்காயைப் போட்டார்.

நான் ஒரே ஓட்டமாக எதிர்ப்பக்கம் போய்க் கிராதியில் முகத்தைப் பதித்துக் காத்திருந்தேன். காத்திருந்தேன். திரும்பிப் பார்த்தபோது எல்லாருடைய முதுகும் தெரிந்தது. தேங்காய் தலையை ஆட்டி ஆட்டிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்பா இருமினார். மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நேற்றைய மழைத் தண்ணீர் தள்ளுகிறது, இன்னும் கொஞ்ச நேரம் என்று அவர் முணுமுணுத்தார். அத்தை துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

பெரியப்பா அப்போதே அடுத்த ரயிலைப் பிடித்திருக்கலாம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிராதி வழியாகக் குனிந்து கரைச் சேற்றைப் பார்த்தார். பிறகு, வெயிலாக இருக்கிறது, ஒரு தே குடித்துவிட்டு வந்து பார்ப்போமே என்றார். அப்பா தன் அண்ணனை அதிசயமாகப் பார்த்தார்.

பாலத்துக்கு அருகில், மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் இந்திய முஸ்லிம் தேநீர்க் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். பெரியப்பா எப்போதும் சுடச்சுட ஒரே மூச்சில் குடிப்பவர். அன்று ஒவ்வொரு மிடறாகக் குடித்தார். வடை கேட்டார். வடை வந்ததும் சட்னி சரியில்லை என்று வேறு கேட்டார். நடுவில் எனக்கு ஒரு கதையும் சொன்னார். அந்தக் காலத்தில் ஈயம் தேடி மேலே போகிற படகுகள் இந்தக் கிள்ளானில் வந்து கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருக்குமாம். எதற்காகக் காத்திருக்கும் என்று கேட்டேன். ஏதாவது காரணம் இருக்கும் என்று சொல்லிவிட்டு, “பாஸ், இன்னொரு தே” என்று கையைத் தூக்கினார். மாமா தன் கிளாஸைத் தொடவே இல்லை.

மறுபடியும் பாலத்துக்கு வந்தபோது ஆறு சற்றுச் சோம்பலாகத் தெரிந்தது. மாமா பைக்குள் கையை விட்டார். அதற்குள் பெரியப்பா ஒரு தேங்காயை எடுத்து அத்தையிடம் நீட்டி, “நீ போடு” என்றார்.

அத்தை வாங்கி, இரண்டு கையாலும் கிராதிக்கு வெளியே நீட்டி விட்டார். தொப்பென்று விழுந்து, மூழ்கி, எழுந்தது. நின்றது. நிஜமாகவே நின்றது. இடத்திலேயே மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம், யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல, எங்களை நோக்கி வர ஆரம்பித்தது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். எதையும் அதிர்ந்து செய்யாத அத்தை, செருப்பு டப் டப்பென்று அடிக்க, துப்பட்டா பறக்க, ஒரு மோட்டார்க்காரர் ஹார்ன் அடித்துத் திட்டுவதையும் பொருட்படுத்தாமல் பாலத்தின் அகலத்தைக் கடந்து ஓடினார். இருவரும் கிராதியைப் பிடித்துக் கீழே பார்த்தோம். வெறும் தண்ணீர். பிறகு நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு அந்தத் தேங்காய் வெளியே வந்தது. பின்னாலேயே பிளாஸ்டிக் போத்தல்கள், ஆகாயத்தாமரைக் கொத்து, ஒற்றைச் செருப்பு, எல்லாம் ஊர்வலமாகக் கோலாலம்பூரைப் பார்த்துப் போயின. அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார அங்கிள், என்ன ஏது என்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து கைதட்டினார்.

மாமாவுக்கு உயிர் வந்தது. “பாத்துக்கிட்டீங்களா பெரிய மச்சான், உங்க ஊரு குப்பை உங்களுக்கே திரும்பி வருது” என்றார். அம்மா சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது எதுவரை போகும் என்று கேட்டார். மிஞ்சினால் நடுவழியில் இருக்கிற ஷா ஆலம் வரை போகும் என்றார் மாமா, பொய் சொல்லத் தெரியாமல்.

“நான் கோலாலம்பூர்னு சொன்னேனே தம்பி.”

மாமாவின் முகம் வாடிவிட்டது. ஆறு எங்கள் காலடியில் தன்பாட்டில் மேலே போய்க்கொண்டிருந்தது. அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அது அத்தையின் குரல் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அண்ணே, கோலாலம்பூரைப் பார்க்க ஓடட்டும்னுதான் சொன்னீங்க. போய்ச் சேரணும்னு சொல்லல.”

பெரியப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை இந்த முறை தலையைக் குனியவில்லை. பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாமாவின் பக்கம் திரும்பி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காளையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா என்றார்.

அடுத்த ஞாயிறு பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் ஒரே அமர்க்களம். மாமா புதுச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அத்தை பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்து பழகிய எங்களுக்கெல்லாம் விருந்தாளிகளைப்போல் தே கொண்டுவந்து நீட்டினார். பெரியம்மா தட்டில் பூவும் பழமும் வைத்தார். தை மாதத்தில் கல்யாணம் என்று பேசினார்கள். மாமாவும் அத்தையும் ஒரே வீட்டுக்கு வரப்போகிறார்கள் என்பதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. என் கவலை வேறு.

கேசரித் தட்டோடு பின்பக்கத்து மாடத்துக்குப் போனேன். பெரியப்பா தனியாக நின்று கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. மாமா எப்படி ஆற்றைத் திருப்பினார் என்று கேட்டேன். பௌர்ணமியை ஒட்டிக் கடல் பெரிதாக ஏறும், ஏறும்போது தண்ணீரை ஆற்றுக்குள் தள்ளும், அது தினம் இரண்டு வேளை நடக்கிறதுதான் என்று அவர் வகுப்பில் சொல்வதுபோல் சொன்னார். அப்படியானால் உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன்.

“ஆறு திரும்பும்னு தெரியும்மா. உன் அத்தை வாயைத் திறப்பாளான்னுதான் தெரியல.” பிறகு உள்ளே எட்டிப்பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “மாமாகிட்ட சொல்லிடாத.”

நான் சொல்லவில்லை. தோற்றுப்போனவர்கள் எல்லாரும் பிறகு இப்படித்தான் சமாளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளியில் பல்லாங்குழியில் தோற்றால் நானும் அப்படித்தான் சொல்வேன். புவியியல் வாத்தியாராக இருந்துகொண்டு ஒரு டக் போட் மாமாவிடம் இப்படித் தோற்றுவிட்டாரே என்று பாவமாக இருந்தது. என் தட்டிலிருந்த கேசரியில், முந்திரிப்பருப்பு இருந்த பாதியை அவருக்குக் கொடுத்தேன்.