முத்துவுக்கு எந்தக் கேள்வித்தாள்?

பிள்ளைகளின் மனத்தை அளக்கும் தொழிலில், அளவுகோலைப் பிடித்திருப்பவனுக்குத்தான் முதலில் சந்தேகம் வரும். "இவளுக்கு என்னதான் ஆச்சு, சொல்லுங்க" என்று யாராவது மடக்கும்போது விட்டத்தைப் பார்க்கும் ஆசிரியர்களே, ஆலோசகர்களே, உங்களுக்கு இது புதிதல்ல.

மலையாள மண்ணில், மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருக்கிறது எங்கள் குழந்தைகள் மையம். கீழே மூட்டை பிரித்தால் மேலே எல்லோரும் தும்முவோம். பெற்றோர் அழ ஆரம்பித்தால் அது அழுகையா சுக்கா என்று சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துத்தான் ஆறுதல் சொல்வேன். அங்கே நான் ஆலோசகன்; வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எதையும் இரண்டு முறை யோசித்து, மூன்றாம் முறை சந்தேகப்படுவது என் சுபாவம்.

பெண் பார்த்த கதை

"பிள்ளைகளோட நடத்தை, உணர்ச்சி ரெண்டையும் பார்க்க ஒரே ஒரு கேள்வித்தாளைத் தேர்ந்தெடுங்க, அதையே எல்லாருக்கும் வெச்சுக்கலாம்" என்று மையத்தை நடத்தும் டாக்டரம்மா என்னிடம் சொன்னார். மேசையில் மூன்று மாதிரிகள் வந்து உட்கார்ந்தன. முதலாவது பெற்றோர் நிரப்ப வேண்டியது. பக்கம் பக்கமாக நீளும். இரண்டாவது ஆசிரியருக்கு மட்டும். மூன்றாவது ஒரே தாள்தான், ஆனால் பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, பதினொரு வயதானால் பிள்ளைக்கே ஒன்று என்று மூன்று வடிவம்.

நீளமானதில் விவரம் அதிகம், ஆனால் யார் பொறுமையாக நிரப்புவார்கள்? குட்டையானது எளிது, ஆனால் எதையாவது தவறவிட்டால்? ஒரு தாள் என் தவறால் ஒரு பிள்ளையின் மேல் முத்திரை குத்திவிட்டால்? இப்படியே வாரங்கள் ஓடின. எங்கள் மையத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரம்லத் ஒருநாள் மூன்றையும் என் முன்னால் விசிறி போல விரித்து வைத்தாள்.

"ஸாரே, பொண்ணு பார்க்கப் போனாக்கூட இத்தனை நாள் ஆகாது. ஏதாவது ஒண்ணைக் கட்டுங்க!"

முழு மார்க்

சரி, நீளமானதையே முயன்று பார்ப்போம் என்று, மிளகு வியாபாரி ஒருவரிடமும் அவர் மனைவியிடமும் கொடுத்தேன். அவர்களுடைய ஆறு வயது மகன் அதற்குள் என் நாற்காலியைச் சுழற்றி, மின்விசிறியை நிறுத்தி, ரம்லத்தின் சாயாவைக் குடித்துவிட்டான். ஒவ்வொரு கேள்விக்கும் 'இல்லை' என்றால் பூஜ்யம், 'சில சமயம்' என்றால் ஒன்று, 'எப்போதும்' என்றால் இரண்டு.

தாள் திரும்பி வந்தது. பொருளை உடைப்பான், இரண்டு. காரணமில்லாமல் அழுவான், இரண்டு. தூக்கத்தில் நடப்பான், அதற்கும் இரண்டு. திடுக்கிட்டு, "உண்மையிலேயே தூக்கத்துல நடப்பானா?" என்று கேட்டேன். நடப்பதில்லையாம். மனைவி ஒன்று போடலாம் என்றாராம், இவர்தான் விடவில்லை. மதிப்பெண் கூடினால் கவலை கூடும் என்று நான் விளக்கியதும் அவர் முகம் வாடிவிட்டது.

"அதை முன்னாடியே சொல்ல வேண்டாமா சார்? எங்க பையனுக்கு நாங்களே எப்படிக் கையை இறுக்கி மார்க் போடறது?"

வாசல் கூட்டம்

அந்தச் சமயத்தில்தான் முத்துலட்சுமி வந்தாள். வயது பதினொன்று. அப்பா இசக்கி கொச்சங்காடி அரிசிக் கிடங்கில் சுமை தூக்குகிறார். அம்மா மாரி ஓட்டல் சமையற்கட்டில் வேலை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். முத்து வகுப்பில் வாயே திறப்பதில்லை, மலையாளம் பிடிபடவில்லை போலிருக்கிறது, ஐந்தாம் வகுப்பிலேயே இன்னொரு வருஷம் இருக்கட்டும் என்று தலைமையாசிரியை நினைத்தார். எங்கள் அறிக்கையைப் பார்த்துவிட்டு, கோடை விடுமுறைக்கு முன் முடிவு. "கூடப் படிக்கிறவங்க எல்லாம் மேல போயிடுவாங்க சார். இவ தாங்க மாட்டா" என்றார் மாரி. நான் தயங்கிக்கொண்டிருக்க இனி நேரமில்லை என்று எனக்கே உறைத்தது.

மாரி தனியாக வரவில்லை. லைன் வீட்டில் பக்கத்து வீட்டு ஸைனபாவையும் எதிர்வீட்டுத் தங்கத்தையும் அழைத்து வந்திருந்தார். நான் பெற்றோர் தாளின் கேள்விகளை வாசித்தேன், மூவரும் வாக்களித்தார்கள்.

"சண்டை போடுவாளா?"

"மாட்டா சார்" என்றார் மாரி.

"ஏன், என் மவன் சட்டையைக் கிழிச்சது யாராம்?" என்றார் தங்கம்.

"உன் மவன் மொதல்ல கடிச்சான்ல?"

கடிக்கும் கேள்வி பிறகு வருகிறது என்று நான் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. அடுத்து, "அதிகம் பேசுவாளா?" என்று வாசித்ததும் சண்டை நின்று மூவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். எந்த மொழியில் என்று கேட்டேன். வீட்டில் தமிழ், வாசலில் மலையாளம், ஏசும்போது இரண்டும். சிரிப்பில் வந்த கண்ணீரைத் தலையில் போட்டிருந்த தட்டத்தின் நுனியால் துடைத்துக்கொண்டே ஸைனபா சொன்னார்:

"இந்தக் குட்டி வாயை மூடினா, நமக்குத்தான் காது போச்சோன்னு தோணும் ஸாரே."

ஆனி டீச்சர்

ஆசிரியருக்கான தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வகுப்பாசிரியை ஆனி டீச்சர் நல்ல மனுஷி. எழுத்துத் தேர்வில் முத்து தேறிவிடுகிறாள், ஆனால் வாசிக்கச் சொன்னால் சுவர் மாதிரி நிற்கிறாள் என்றார். மிட்டாய் கொடுத்துப் பார்த்திருக்கிறார். முதல் வரிசையில் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார். ஜாடையில் தலையாட்டுவாள், அவ்வளவுதான்.

ஒரு தாளில் ஊமை, இன்னொரு தாளில் வாயாடி. இரண்டில் எதை மட்டும் வாங்கியிருந்தாலும் ஒரு பாதி முத்துவைத்தான் பார்த்திருப்பேன். எந்தப் பாதி உண்மை என்ற குழப்பத்தோடு எழுந்தேன். டீச்சர் வாசல்வரை வந்தார்.

"ஒரு வருஷமா என் கிளாஸ்ல இருக்கா. அவ குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது ஸாரே."

முத்துவின் தாள்

மிச்சமிருந்தது மூன்றாவது தாளின் பிள்ளை வடிவம். தமிழிலும் மலையாளத்திலும் நீட்டினேன். மலையாளத்தை எடுத்தாள். காலாட்டிக்கொண்டே குறியிட்டு வந்தவள், 'சொன்னபடி நடப்பேன்' என்ற இடத்தில் தாள் கிழியும்படி அழுத்தினாள்.

"பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தானா?" என்றேன்.

"அங்கதான் சார் ரொம்ப."

"அப்புறம் ஏன் பேச மாட்டேங்கிற?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இதுவரை யாரும் அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எல்லோரும் 'பேசச் சொல்லுங்க' என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்கள்; நானும் அவளைக் கடைசியில்தான் வைத்திருந்தேன்.

"ஸ்கூல் திறந்த புதுசுல பக்கத்துப் பிள்ளைக்குக் கதை சொல்லிக்கிட்டிருந்தேன். டீச்சர், 'நான் வாயைத் திறன்னு சொல்றவரைக்கும் திறக்கக் கூடாது'ன்னாங்க. சரின்னு தலையாட்டினேன்."

"அப்புறம் எத்தனையோ தடவை வாசிக்கச் சொன்னாங்களே?"

"'வாசி'ன்னாங்க, 'பதில் சொல்லு'ன்னாங்க. வாயைத் திறன்னு இன்னும் சொல்லல சார்."

மீதிக் கதை

இது மட்டும்தான் காரணமா? கோபம், வெட்கம், புது வகுப்பு, வீம்பு எல்லாம் கலந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் ஆனி டீச்சரைப் போனில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். "ஐயோ, அப்படிச் சொன்னது எனக்கு ஓர்மையே இல்லையே!" என்றார். பிறகு சிரித்தார், பிறகு மூக்கை உறிஞ்சினார்.

அந்த வாரமே மையத்துக்கு நேரில் வந்து, வகுப்பில் நடந்ததைச் சொன்னார். வகுப்பு நடுவில், எல்லோர் முன்னாலும், "முத்து, நான் சொல்றேன், வாயைத் திற மோளே" என்றாராம். "இப்பவா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு எழுந்து, பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்த கதையை, ஜூன் மாதம் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாளாம். சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியை கதவருகிலேயே நின்றுவிட்டாராம். அப்போது மையத்தின் கீழே சுக்கு மூட்டை பிரித்தார்கள். தும்மலுக்கும் சிரிப்புக்கும் நடுவே டீச்சர் சொன்னார்:

"மணி அடிச்சும் கதை முடியல ஸாரே, 'மீதியை ஆறாம் கிளாஸ்ல போய்ச் சொல்லு'ன்னு ஹெச்.எம்.மே சொல்லிட்டாங்க!"

இப்போது எங்கள் மையத்தில் எல்லோருக்கும் மூன்றாவது தாள்தான், அதிலும் பதினொரு வயதானால் பிள்ளைக்கே முதல் தாள். 'முடிவெடுக்கத் தயங்குவார்' என்று அதில் ஆலோசகருக்கும் ஒரு கேள்வி இருந்திருந்தால், கையை இறுக்காமல் எனக்கு நானே இரண்டு போட்டுக்கொண்டிருப்பேன்.