கேட்கப்பட்ட ஜெபம்

தாரல் மெலிங்கின் வாயிலிருந்து "பிதாவே" என்ற சொல் வருவதற்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் ஜெபவீட்டில் அவர் முறை வந்தால் எழுந்து நின்று "ஆண்டவரே" என்பார், "கர்த்தாவே" என்பார். அந்த ஒரு சொல்லை மட்டும், படகுத்துறையில் காயப்போட்ட வலையை மிதிக்காமல் தாண்டுவது போலத் தாண்டிப் போய்விடுவார். தூர்சோய் தீவில் இதைக் கவனிக்காதவர்கள் இல்லை. ஏன் என்று கேட்டவர்களும் இல்லை.

அவருடைய அம்மா பண்ணை வீடுகளில் வேலை செய்து பிழைத்தவள். பிள்ளையின் தகப்பன் யார் என்று கடைசிவரை அவள் சொல்லவில்லை. காசநோய் அவளைக் கொண்டுபோன பிறகு, பையனை ஊரார் ஒவ்வொரு பண்ணையிலும் சில காலம் என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை. உருளைக்கிழங்கும் உப்புமீனும் தட்டில் விழுந்தன. ஆனால் அந்தந்த வீட்டுப் பிள்ளைகள் அப்பா என்று கூப்பிட்ட மனிதர்களை, தாரல் அவர்களுடைய பெல்ட்டின் மூலமாகத்தான் அறிந்திருந்தார். அதனால், "பரலோகத்தில் நமக்கு ஒரு தகப்பன் இருக்கிறார், நம்மை எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்" என்று பிரசங்கியார் சொல்லும்போது மற்றவர்களுக்கு மனம் குளிரும். தாரலுக்குப் பிடரி விறைக்கும்.

வளர்ந்தபின், தீவுக்கும் கரைக்கும் இடையே ஓடும் கார்ப்படகில் வேலைக்குச் சேர்ந்தார். கயிறு வீசிக் கட்டுவது, வண்டிகளைக் கைகாட்டி வரிசையாக உள்ளே ஏற்றுவது, அவை ஏறி வரும் இரும்புப் பலகையை இறக்குவது, தூக்குவது. குன்வோரைக் கல்யாணம் செய்தார். பிள்ளை இல்லை. இப்படியே காலம் போய்விடும் என்று இருவரும் நினைத்திருந்தபோதுதான், குழந்தைகள் நல அலுவலகப் பெண்மணி ஒருத்தி பெர்கன் நகரத்திலிருந்து சன்னிவாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அப்போது அவளுக்கு மூன்று வயது. தாய் இறந்துவிட்டாள். தகப்பன் ஹால்வார் சரக்குக் கப்பல் மாலுமி. கரைக்கு வந்தால் குடி, குடித்தால் அடி. குழந்தையை அக்கம்பக்கத்தார்தான் மீட்டு ஒப்படைத்திருந்தார்கள். கம்பளிக் கோட்டைக் கழற்ற குன்வோர் கை நீட்டியதும், அந்தக் குழந்தை இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தது. குன்வோர் சமையலறைக்குள் போய் அழுதாள். தாரல் அழவில்லை. அந்தக் குனிதல் அவருக்கு நன்றாகத் தெரிந்த குனிதல்.

ஒருநாள் தெருப் பிள்ளைகளோடு பந்து விளையாடியபோது சன்னிவா ஜெபவீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டாள். உடைத்தவள் காணாமல் போனாள். தீவே தேடியது. கடைசியில் தாரல்தான், கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகின் அடியில் இரண்டு சின்ன பூட்ஸ்களைப் பார்த்தார். கூப்பிட்டார், பதில் இல்லை. பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு, சேற்றில் தவழ்ந்து உள்ளே போனார்.

"அடிக்கப் போறியா?"

"இல்ல."

"அப்போ எதுக்கு வந்தே?"

"நீ இங்க இருக்கியே, அதான்" என்றார்.

அவள் நகர்ந்து வந்து அவர் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். கால் மரத்துப்போயும் அவர் அசையவில்லை. மூச்சு ஏறி இறங்கும் அந்தச் சின்ன முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இவள் ஊரிலுள்ள கண்ணாடியெல்லாம் உடைத்தாலும் எனக்கு இவள்மேல் கோபம் வராதே என்று நினைத்தார். அப்போது திடீரென்று அவருக்கு அந்தப் பிரசங்கம் நினைவுக்கு வந்தது. பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்றால், இப்படியா? தப்பு கண்டுபிடிப்பதற்காக இல்லையா? இப்படியா?

அந்த ஞாயிற்றுக்கிழமை தாரல் எழுந்து நின்று, "பிதாவே" என்றார். அதற்குமேல் பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையில் இருந்த மூப்பர் ஓலாவுஸ் திரும்பிப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் சன்னிவா வாயாடி ஆகிவிட்டாள். அப்பா இல்லாதவள் என்று ஒருத்தி சீண்டியபோது, "எனக்கு மூணு அப்பா இருக்காங்கடி! வீட்ல ஒண்ணு, கப்பல்ல ஒண்ணு, மேல ஒண்ணு. உனக்கு ஒண்ணே ஒண்ணுதான், அதுக்கும் முடி கொட்டிப் போச்சு" என்று சொல்லிவிட்டு வந்தாள். படகில் இதைக் கேட்ட கேப்டன் ஓலுஃப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டேய் தாரல், உன் பொண்ணைப் பேச அனுப்பினா சண்டைக்கு வர்றவனும் ஓடிடுவான்டா!"

'உன் பொண்ணு' என்று யாராவது சொன்னால் போதும், தாரல் அன்று முழுக்கக் காற்றிலேயே நடப்பார்.

கப்பல் அப்பாவுக்காக ஜெபிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். படுக்கப்போகும் முன், அவளோடு மண்டியிட்டு, "பிதாவே, ஹால்வார் எங்கே இருந்தாலும் அவரைக் கைவிடாதேயும். குடியை விடச்செய்யும். நல்ல மனுஷனாகக் கொண்டுவாரும்" என்பார். சன்னிவா, "கடல்ல விழாம பாத்துக்கோங்க" என்று சேர்த்துக்கொள்வாள். கதவருகே நின்று கேட்கும் குன்வோருக்கு இது பிடிக்காது.

"அடிச்ச மனுஷனை எதுக்கு தினமும் ஞாபகப்படுத்தறே?"

"தகப்பனை வெறுத்துக்கிட்டே வளரக்கூடாது, குன்வோர். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அப்படியே வருஷங்கள் போயின. சன்னிவாவுக்கு முன்பல் விழுந்து முளைத்தது. நீந்தக் கற்றுக்கொண்டாள். படகின் கயிறுகளில் எந்த முடிச்சையும் தாரலைவிட வேகமாக அவிழ்த்தாள்.

ஒரு வசந்தகாலத்தில், கார் இல்லாமல் நடந்தே படகில் ஏறிய ஒரு மனிதர், டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தாரலிடம், "மெலிங் வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். புதுக் கோட்டு, ஒட்ட வெட்டிய தலை. அவருடைய புருவம் நடுவில் லேசாக ஒடிந்து மேலேறியிருந்தது. அந்தப் புருவத்தை தாரல் தினமும் காலைச் சாப்பாட்டு மேசையில் பார்க்கிறவர். கையிலிருந்த கயிறு நழுவித் தண்ணீரில் விழுந்தது.

அன்று மாலை ஹால்வார் மேசைக்கு முன்னால், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ராட்டர்டாமில் மாலுமிகளுக்கான சபை ஒன்றில் குடியை விட்டதையும், வடக்கே போடோ ஊரில் துறைமுக வேலை கிடைத்ததையும், மறுமணம் செய்ததையும் தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

"அங்க இருந்த போதகர் சொன்னாரு, யாரோ உங்களுக்காக விடாம ஜெபம் பண்ணியிருக்காங்கன்னு. எனக்கு யாரு இருக்கா? அப்படி ஒருத்தரும் இல்லன்னேன்."

"நாங்கதான்!" சன்னிவா குதித்து எழுந்தாள். "நானும் அப்பாவும்! தினமும்!"

எழுந்த வேகத்தில் பால் கிளாஸ் உருண்டு ஹால்வாரின் புதுக் கால்சட்டைமேல் கொட்டியது. சன்னிவாவின் கைகள் தாமாகவே தலைக்குமேல் போயின. அந்த வீட்டில் எத்தனையோ வருஷமாக அவள் அப்படிச் செய்ததில்லை. ஹால்வார் அதைப் பார்த்தார். நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டார். பாலைத் துடைக்கவில்லை, அவளைத் தொடவும் இல்லை.

"இது என்னாலதான்" என்றார். "இது நான் பண்ணினது." தோள்கள் குலுங்கின. சன்னிவா மெல்லக் கைகளை இறக்கி, மேசைத்துணியை எடுத்து அவர் முழங்காலைத் துடைத்துவிட்டாள்.

தாரல் எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்த வாரம் அலுவலகப் பெண்மணி வந்தாள். "அவர் இப்ப நல்லா இருக்கார், உண்மைதான். ஆனா பொண்ணு இங்க ஊறிப்போயிட்டா. நீங்க முடியாதுன்னு சொன்னா, நாங்க அவசரப்பட மாட்டோம். சொல்லுங்க."

குன்வோர் புருஷன் முகத்தையே பார்த்தாள். தாரல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு மாறணும்னு கேட்டது நான்தான்" என்றார். "மாறிட்டாரு. இப்ப வேண்டாம்னு சொன்னா, இத்தனை நாள் நான் கேட்டது என்ன?"

பெண்மணி போனபின், குன்வோர் ஒருநாளும் பேசாத குரலில் பேசினாள். "உன்னை யாரு ஜெபம் பண்ணச் சொன்னா? சும்மா இருந்திருக்கலாமே! எனக்கு இருந்தது ஒரே பிள்ளை. அதையும் ஜெபம் பண்ணியே அனுப்பிட்டியே!"

தாரல் ஜெபவீட்டுக்குப் பின்னாலிருக்கும் பாறைமேல் போய் நின்று, பரமபிதாவிடமே அதைக் கேட்டார். நீர் தகப்பன்தானே? அவனுக்கும் தகப்பன், எனக்கும் தகப்பன். ஒருத்தன் கண்ணீரைத் துடைக்க இன்னொருத்தன் வீட்டிலிருந்துதான் துணி எடுக்க வேண்டுமா? கடல் இரைந்தது. வேறெதுவும் கேட்கவில்லை.

போகிற நாளன்று கேப்டன் ஓலுஃப், "இன்னிக்கு வீட்ல இருடா, நான் வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்றார்.

"வேண்டாம். நானே கொண்டுபோய் விடறேன்."

குன்வோர் துறைவரைகூட வரவில்லை. வாசலிலேயே குழந்தையை முத்தமிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். படகு கரையை அடைந்ததும் தாரல்தான் இரும்புப் பலகையை இறக்கினார். ஹால்வாரும் புது மனைவியும் கீழே காத்திருந்தார்கள். சன்னிவா தாரலின் சட்டையைப் பிடித்திருந்தாள். அவர் குனிந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"நான் ஏதாவது உடைச்சேனா?" என்று கேட்டாள்.

"இல்லடா கண்ணு. நீ எதுவுமே உடைக்கல."

"அப்போ ஏன்?"

"உங்கப்பா உனக்காக ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்காரு."

அவள் நடந்து போனாள். பாதி வழியில் திரும்பி, "அப்பா!" என்று கத்தினாள். இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் "என்னம்மா?" என்றார்கள். அவள் யாரைக் கூப்பிட்டாள் என்று அவளுக்கும் தெரியவில்லை போலிருந்தது. ஹால்வார் பக்கத்தில் இருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. தாரல் கைகாட்டி அவற்றை உள்ளே ஏற்றினார்.

ஜெபவீட்டில் மூப்பர் ஓலாவுஸ், "பெரிய அற்புதம்பா இது, நீ எழுந்து சாட்சி சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிறு தாரல் எழுந்து நின்றார்.

"கேட்டேன். குடுத்தாரு" என்றார். "அவர் தம்முடைய பிள்ளையையே நமக்காகக் குடுத்தாருன்னு சின்ன வயசிலேருந்து இங்க சொல்லிக் கேட்டிருக்கேன். நமக்குக் கிடைச்சதைப் பத்தித்தான் பாடறோம், சந்தோஷப்படறோம். குடுத்த அன்னிக்கு அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் ஒருநாளும் யோசிச்சதில்ல. இப்ப யோசிக்கறேன். அவ்வளவுதான்."

அன்று யாரும் பாட்டு எடுக்கவில்லை.

தொடக்கத்தில் சன்னிவா படம் வரைந்து அனுப்பினாள். பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் வந்தது. அவளைச் சபையின் முழு உறுப்பினராக ஏற்கும் திடப்படுத்தல் ஆராதனைக்கு அழைப்பு வந்தபோது, தாரலும் குன்வோரும் கப்பலேறி போடோ போனார்கள். சன்னிவா நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். பேச்சில் வடக்கத்தி இழுப்பு. முகம் சிவக்கச் சிரித்து, "தாரல், நல்லா இருக்கீங்களா?" என்று கை நீட்டினாள். அவர் குலுக்கினார். கை கதகதப்பாக இருந்தது. விருந்தில் ஹால்வார் எழுந்து நன்றி சொல்ல முயன்று முடியாமல் உட்கார்ந்தார். மகள் அவர் தோளில் சாய்ந்து, முதுகைத் தட்டிக் கொடுத்தாள். பயமென்பதே அறியாதவளைப் போல.

திரும்பி வரும் கப்பலில் தாரல் அழுதார். அத்தனை வருஷத்தில் குன்வோர் அவர் அழுது பார்த்தது அப்போதுதான்.

"நல்லா இருக்கா" என்றாள் குன்வோர்.

"ரொம்ப நல்லா இருக்கா. அதைத்தானே கேட்டோம்."

"நீ கேட்டே" என்றாள் அவள். ஆனாலும் தன் சால்வையின் பாதியை அவர் தோள்மேல் போட்டாள்.

அதற்குப் பிறகும் தாரல் உயிரோடிருந்தவரை, படுக்கைக்கு முன் மண்டியிட்டு "பிதாவே" என்று தொடங்கி, சன்னிவாவின் பேரையும் ஹால்வாரின் பேரையும் சொல்வார். முன்பெல்லாம் அந்த நேரத்தில் குன்வோர் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். கடைசி வருஷங்களில் போகவில்லை. பின்னல் ஊசிகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பாள். ஆமென் மட்டும் சொல்ல மாட்டாள். அவரும் சொல்லச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.